பரீட்சைக்கு வராத கல்

1999 ஆகஸ்ட் 17, செவ்வாய்

இன்றைக்கும் அதே கேள்வி. “சார், இது எக்ஸாமுக்கு வருமா?”

பொங்க்ஷே சார் ஒரு கல்லைக் கொண்டுவந்திருந்தார். சாதாரணக் கறுப்புக் கல். புனேயில் எங்கே தோண்டினாலும் இதுதான், ரோட்டுக்கு உடைத்துப் போடுவதும் இதுதான். அதை வெளிச்சம் ஊடுருவுகிற அளவுக்கு மெலிதாகச் சீவி, கண்ணாடிச் சில்லில் ஒட்டி, மைக்ராஸ்கோப்பில் வைத்து, ஒவ்வொருத்தராக வந்து பாருங்கள் என்றார். குனிந்து பார்த்தேன். அல்லாவே! கறுப்பு எங்கே போயிற்று? நீலம், ஆரஞ்சு, ஊதா. நடுவே வெள்ளையும் சாம்பலுமாக வரிவரியாய்ப் பட்டைகள். தட்டைத் திருப்பினால் ஒன்று அணைகிறது, இன்னொன்று எரிகிறது. எழுந்திருக்க மனமே வரவில்லை. பின்னால் நின்றவர்கள் “ஆன்ட்டி, ஜல்தி” என்று அவசரப்படுத்தினார்கள். அவசரம் கல்லைப் பார்ப்பதற்கு இல்லை. கான்டீனுக்கு.

அப்போதுதான் அந்தக் கேள்வி. கேட்டவள் பிரியம்வதா. நிக்டியிலிருந்து வருகிறாள், வகுப்பில் என்னைத் தவிரத் தமிழ் பேசுகிற ஒரே ஆள். “வராது” என்றார் சார். மொத்த வகுப்பும் பேனாவை மூடியது. மூடுகிற சத்தம் கேட்டது.

மேலப்பாளையத்தில் பிளஸ் டூ முடித்த கையோடு எனக்கு நிக்காஹ் செய்து புனே பக்கம் போசரிக்கு அனுப்பிவிட்டார்கள். மகள் ஃபரீன் காலேஜில் சேர்ந்த வருஷம்தான் நானும் பி.எஸ்ஸி. ஜியாலஜி சேர்ந்தேன். இது இரண்டாம் வருஷம். மகள் வயசுப் பிள்ளைகளோடு உட்கார வெட்கமாக இருக்குமோ என்று பயந்திருந்தேன். வெட்கம்தான். என்னை நினைத்து இல்லை.

1999 செப்டம்பர் 8

ஃபரீன் இன்ஜினியரிங்கில் என்ன படிக்கிறாள் என்று இன்று கண்ணால் பார்த்தேன்.

கடைத்தெருவுக்குப் போய்விட்டு வந்தால் ஹால் ஷோகேஸின் கண்ணாடிக் கதவைக் காணோம். அது இரண்டு நாற்காலிக்கு நடுவே கிடக்கிறது. அடியில் டேபிள் லேம்ப் எரிகிறது. மேலே ஃபரீனும் தோழிகளும் கவிழ்ந்து கிடக்கிறார்கள்.

“என்னம்மா இது?”

“ஜி.டி., உம்மா. கிளாஸ் ட்ரேஸிங். சீனியரோட ஷீட் கீழே, எங்க ஷீட் மேலே. லைன் தெரியும்ல, அப்படியே போட்டுட்டே போறது. நாளைக்கு சப்மிஷன்.”

“நீங்களா வரைய வேண்டியதுதானே?”

எல்லாரும் சிரித்தார்கள். “ஆன்ட்டி கித்னீ ஸ்வீட் ஹை” என்றாள் ஒருத்தி, பச்சைக் குழந்தையைக் கொஞ்சுகிற மாதிரி. சீனியரின் ஷீட்டும் அவனுக்கு முந்திய சீனியருடையதைப் பார்த்துப் போட்டதாம். அப்படியென்றால் முதல்முதலில் யார்தான் வரைந்தது? கேட்டேன். ஒருத்திக்கும் தெரியவில்லை. தெரியாதது ஒருத்திக்கும் உறுத்தவும் இல்லை.

நாளைக்குப் பாலம் கட்டப் போகிறவர்கள் இவர்கள். கட்டட்டும். நான் படகில் போய்க்கொள்கிறேன்.

1999 அக்டோபர் 9, சனி

மோஷி பக்கம் ஒரு கல்குவாரிக்குக் கூட்டிப் போனார்கள். போகும்போது பஸ் முழுக்கப் பாட்டுப் போட்டி. குவாரி வந்ததும் பாதிப்பேர் இறங்கவே இல்லை. வெயிலாம். ஜியாலஜி படிக்க வந்த துரைமார்களுக்கு வெயில் ஆகாது.

பொங்க்ஷே சார் சுத்தியலை எடுத்துக்கொண்டு பாறைச் சரிவில் ஏறினார். எங்கள் அப்பார்ட்மென்ட் வாட்ச்மேனைவிட மெலிந்த ஆள், ஒப்பந்த வாத்தியார், வருஷா வருஷம் வேலை நிலைக்குமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறவர். பாறைக்குப் பக்கத்தில் போனதும் ஆளே மாறிவிடுகிறார். “இது எரிமலைக் குழம்பா ஓடி வந்தப்ப உள்ளே மாட்டின காத்துக்குமிழ்” என்று ஒரு பொந்தைக் காட்டினார். உள்ளே கையை விட்டேன். விரலில் ஏதோ கூர்மையாகப் பட்டது. எட்டிப் பார்த்தால், பீச் பழ நிறத்தில் கொத்துக் கொத்தாகப் படிகம். வெயில் ஒரு தடவைகூடப் படாத இடத்தில் இவ்வளவு அழகு யாருக்காக வளர்ந்தது?

பக்கத்தில் நின்ற பிரியம்வதாவைக் கையைப் பிடித்து இழுத்தேன். “வந்து பாரு, பாரு!”

பார்த்தாள். பார்த்துவிட்டு, “ஆன்ட்டி, இதை ஃபீல்ட் ஜர்னல்ல எந்த நம்பர் போட்டு எழுதணும்?” என்றாள்.

கையை விட்டுவிட்டேன். திரும்புகிற வழியில் என் ஜர்னலை வாங்கி மடியில் வைத்து மளமளவென்று காப்பி அடித்தாள். கையெழுத்து மட்டும் மணிமணியாக இருக்கிறது. சவம், கண்ணும் அப்படி இருந்திருக்கலாம்.

1999 டிசம்பர் 14, செவ்வாய்

நோன்பு வைத்துக்கொண்டு இவ்வளவு கோபப்படக்கூடாது. பட்டுவிட்டேன்.

பொங்க்ஷே சார் மேல் புகார். சிலபஸில் இல்லாததை நடத்துகிறார், நோட்ஸ் தருவதில்லை, போன வருஷக் கேள்விகளைச் சொல்லிக்கொடுப்பதில்லை. ஆகவே மாணவர்களின் எதிர்காலம் பாதிக்கப்படுகிறது. நல்ல இங்கிலீஷ். எழுதியவள் பிரியம்வதா. எல்லாரும் கையெழுத்துப் போட்டாயிற்று. என்னிடம் வந்து பேனாவை நீட்டினாள்.

“என்ன தப்பு செஞ்சார் அவரு?”

“தப்புன்னு யாரு சொன்னா? ரொம்ப நல்லவர். பரீட்சைக்கு உதவலை, அவ்வளவுதான்.”

“உங்களுக்கெல்லாம் படிக்க ஆசையே இல்லையாளா?”

“பாஸ் பண்ண ஆசை இருக்கு ஆன்ட்டி” என்றாள். கூசாமல், முகத்தைப் பார்த்து.

நான் கையெழுத்துப் போடவில்லை. “நான் இல்லாமலேயே உங்க எதிர்காலத்தைக் காப்பாத்திக்கிடுங்க” என்று தமிழிலேயே சத்தம் போட்டேன். மராட்டிப் பிள்ளைகள் ஆன்ட்டிக்கு என்ன ஆச்சு என்று முழித்தார்கள். “நத்திங், ஆன்ட்டி இஸ் ஃபாஸ்டிங்” என்று பிரியம்வதா சமாளித்தாள். நோன்பு வைத்ததால்தான் எனக்குக் கோபம் என்று முடித்துவிட்டாள் மூதி!

1999 டிசம்பர் 16

பிரின்சிபாலைப் பார்த்தேன். சார் நன்றாக நடத்துகிறார் என்று நான் ஒருத்தியாவது சொல்ல வேண்டாமா?

உட்காரச் சொன்னார். மரியாதையாகத்தான் பேசினார். “மேடம், உங்க வீட்டுக்காரர் என்ன செய்கிறார்?” போசரியில் நட்டு போல்ட் கடை என்றேன். “நல்லா நடக்குதா?” அல்லா புண்ணியத்தில் நடக்கிறது என்றேன்.

“அதுதான் விஷயம். நீங்க இங்கே வர்றது ஒரு ஆர்வத்துக்கு. டைம்பாஸ்னு சொன்னா தப்பா நினைக்காதீங்க. அவங்க கேரியருக்கு வர்றாங்க. காலேஜ் யாருக்காக நடக்குது, நீங்களே சொல்லுங்க.”

காலேஜில் படிப்பதற்காகப் படிக்கிறவள் டைம்பாஸ். எழுதிப் பார்த்தால்கூட நம்ப முடியவில்லை.

2000 ஜனவரி 11, செவ்வாய்

பெருநாள் விடுமுறை முடிந்து போனேன். போகாமல் இருந்திருக்கலாம்.

பொங்க்ஷே சார் கையில் கல் இல்லை. மைக்ராஸ்கோப் இல்லை. பஜாரில் விற்கிற கைடு ஒன்றைப் பிரித்து வைத்துக்கொண்டு, “எழுதிக்கோங்க. கேள்வி ஒன்று” என்று ஆரம்பித்தார். பெல் அடிக்கும்வரை வாசித்தார். கமா, ஃபுல்ஸ்டாப் எல்லாம் சொன்னார். முடிந்ததும் வகுப்பு கைதட்டியது. நெசமாத்தான் எழுதுகிறேன், கை தட்டினார்கள்.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. வராந்தாவில் மறித்துக்கொண்டேன். “ஏன் சார்?” என்று மட்டும் கேட்டேன்.

“ஒப்பந்தம் ஏப்ரல்ல முடியுது, காகூ” என்றார். காகூ என்றால் இங்கே சித்தி, அத்தை எல்லாம்தான். போய்விட்டார்.

இந்தக் கூட்டத்துக்கு முன்னால் இவரும் மண்டிபோட்டுவிட்டார். அவர்கள்மேல் இருப்பதைவிட இவர்மேல்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது. அவர்கள் அறியாதவர்கள். இவருக்குத் தெரியுமே. தெரிந்தவர் இப்படிச் செய்யலாமா?

2000 ஜனவரி 20

இன்றும் டிக்டேஷன்.

2000 பிப்ரவரி 2

இன்றும்.

2000 ஏப்ரல் 3, திங்கள்

ஒப்பந்தத்தை இவர்கள் முடிப்பதற்குள் பொங்க்ஷே சாரே முடித்துக்கொண்டார். ராஜஸ்தானில் ஏதோ டிரில்லிங் கம்பெனியாம். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. வகுப்பில் ஒருத்தன், “அப்ப மீதி நோட்ஸ்?” என்றான்.

2000 ஆகஸ்ட் 10

கடைசி வருஷம். புது வாத்தியாரம்மா நேரடியாகக் கைடிலிருந்தே ஆரம்பித்துவிட்டார். யாருக்கும் சிரமம் இல்லை.

சாயங்காலங்களில் லேபில் தனியாக உட்கார்ந்துகொள்கிறேன். பொங்க்ஷே சார் சீவி வைத்துவிட்டுப் போன கல்சில்லுகள் ஒரு மரப்பெட்டி நிறைய இருக்கின்றன. நான் ஒருத்திதான் திறக்கிறேன். எந்தப் படிகம் முதலில் உறைந்தது, எது அதைச் சுற்றிக்கொண்டு பின்னால் உறைந்தது என்று ஒவ்வொன்றிலும் கண்டுபிடிக்கப் பார்க்கிறேன். சில நாள் ஒரே சில்லோடு சாயங்காலம் முழுக்கப் போய்விடுகிறது. தப்பாகச் சொன்னால் திருத்த ஆள் இல்லை. அதுதான் குறை.

வீட்டில் இவருக்கு வேறு கனவு. “டிகிரி வந்ததும் பிரேம் போட்டுக் கடையில மாட்டணும். குல்சும் பீவி, பி.எஸ்ஸி.!” என்று ஜமாஅத் ஆட்களிடம் சொல்லி வைத்திருக்கிறார். ஊருக்கு போன் போட்டு என் நாத்தனாரிடமும் சொல்லியாயிற்று.

“நான் என்ன படிக்கேன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“கல்லு.”

“கல்லுல என்ன?”

“அதெல்லாம் எனக்கெதுக்குளா? பாஸாவியா இல்லையா, அதைச் சொல்லு.”

பத்தாவது தாண்டாத மனுஷனும் சரி, இன்ஜினியராகப் போகிற மகளும் சரி, எல்லாருக்கும் சுவரில் மாட்டுகிற காகிதம்தான் வேண்டும். அதற்குப் பின்னால் சுவர் இருக்கிறதா என்பதைப் பற்றி யாருக்குக் கவலை?

2000 நவம்பர் 14, செவ்வாய்

சிவாஜிநகர் பஸ் ஸ்டாப்பில் பிரியம்வதா பக்கத்தில் வந்து நின்றாள். அந்தப் புகாருக்குப் பிறகு நான் அவளோடு பேசுவதில்லை. பஸ்ஸும் வரவில்லை. அவளாகத்தான் ஆரம்பித்தாள்.

“என்னைப் பார்த்தாலே உங்களுக்கு அருவருப்பா இருக்கு, இல்லையா ஆன்ட்டி?”

ஆமாம் என்றேன். எதற்குப் பொய்?

“எனக்கு ஜியாலஜி பிடிக்காது. ஒருநாள்கூடப் பிடிச்சதில்லை. நான் கேட்டது காமர்ஸ், சீட் கிடைக்கலை. ரெண்டு வருஷம் முன்னாடி அப்பா வேலை பார்த்த ஃபாக்டரில வி.ஆர்.எஸ். கொடுத்து அனுப்பிட்டா. பகல் பூரா வீட்ல டி.வி. முன்னாடி உட்கார்ந்திருக்கார். டிகிரி வந்தா எனக்கு வேலை. வரலைன்னா ஆவணியில கல்யாணம். பையன்கூடப் பார்த்து வச்சிருக்கா. அவனை நான் பார்த்தாச்சு. அதனாலதான் படிக்கறேன்.”

“அதுக்கு அந்த மனுஷன் வேலையில கை வைக்கணுமா?”

அதற்கு மட்டும் கொஞ்சம் தயங்கினாள். பிறகு, “நீங்க பிடிச்சதைப் படிக்கறேள். உங்காத்துல அடுப்பு எரியறது உங்க மார்க்கால இல்லை” என்றாள்.

பஸ் வந்தது. ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தோம்.

அவள் சொன்னது சரியென்று ஆகிவிடுமா? அவள் காட்டியது வயிற்றை. நான் கேட்டது கண்ணை. ஆனால் பசியோடு இருக்கிறவளிடம் கண்ணைப் பற்றிப் பேச நான் யார் — சரி, போதும். அந்த வகுப்பில் எல்லார் வீட்டிலுமா அடுப்பு அணைந்து கிடக்கிறது? மோட்டார் பைக்கில் வருகிறவன்களுக்கு என்ன கேடு? அவன்களும்தானே கைதட்டினான்கள்.

2001 ஜனவரி 29, திங்கள்

வெள்ளிக்கிழமை குஜராத்தில் பூகம்பம். மூன்று நாளாக டி.வி.யில் இடிபாடு, பிணம், அழுகை. தொழுதுவிட்டு எழுந்தால் திரும்பவும் அதே முகங்கள் கண்ணில் நிற்கின்றன. பூமிக்கு உள்ளே என்னதான் உடைந்தது, ஏன் அங்கே, ஏன் இப்போது? தூங்க முடியாமல் இருந்துவிட்டு, இன்று முதல் ஆளாக வகுப்புக்குப் போனேன். இன்றைக்காவது கேட்பார்கள். இன்றைக்குக்கூடக் கேட்காமல் ஜியாலஜி வகுப்பு எப்படி நடக்கும்?

நடந்தது. வாத்தியாரம்மா கைடைத் திறந்து போன வாரம் விட்ட இடத்திலிருந்து நிலக்கரி பற்றி வாசித்தார். நான் எழுந்து கேட்டேன். “அது முதல் வருஷப் பாடம்” என்றார்.

பின் பெஞ்சில் ஒருத்தன் பக்கத்தில் இருந்தவனிடம், “இந்த வருஷம் பூகம்பம் கட்டாயம் கேட்பாங்கடா, முதல் வருஷப் பசங்க லக்கி” என்றான்.

என்னத்தச் சொல்ல? பூமி பிளந்து ஆட்களை முழுங்கியிருக்கிறது. இதுகளுக்கு அது ஒரு இம்பார்ட்டன்ட் கொஸ்டின். நான் பெஞ்சில் உட்கார்ந்தபடியே அழுதேன். பிரியம்வதா கைக்குட்டையை நகர்த்தி வைத்தாள். எடுத்துக்கொண்டேன்.

2001 மார்ச் 14, புதன்

டிபார்ட்மென்ட் தலைவரிடம் கேட்டேன். பரீட்சை முடிந்த பிறகும் சாயங்காலம் வந்து மைக்ராஸ்கோப்பைப் பார்க்கலாமா? அந்தப் பெட்டியில் இன்னும் பாதிச் சில்லு பாக்கி இருக்கிறது.

அவர் சிரித்தார். “டிகிரி முடிஞ்சா நீங்க வெளியாள், மேடம். வெளியாளை லேபுக்குள்ளே விட முடியுமா?”

எம்.எஸ்ஸி. சேர்ந்தால்? அதற்கு முதல் வகுப்பு வேண்டும். தெரிந்ததை எழுதி, தெரியாததை விட்டு வைக்கிற எனக்கு முதல் வகுப்பு எங்கே வரும்? பரீட்சைத்தாளில் கைடு வரிகள் இருந்தால்தானே மார்க்.

படியில் உட்கார்ந்திருந்தேன். பிரியம்வதா வந்து, என்ன என்று கேட்டாள். சொன்னேன். யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது.

கொஞ்ச நேரம் யோசித்தாள். “ஆன்ட்டி, தியரி எல்லாம் எழுதுங்கோ. பிராக்டிகலுக்கு மட்டும் போகாதீங்கோ.”

“என்ன?”

“பிராக்டிகல்ல ஆப்சென்ட்னா ரிபீட்டர். ரிபீட்டருக்கு ஒரு வருஷத்துக்கு லேப் கார்டு தரணும், பழகிக்கறதுக்காக. ரூல் புக்ல இருக்கு. அடுத்த வருஷமும் போகலைன்னா இன்னொரு கார்டு.”

“ரூல் புக்கெல்லாம் படிச்சியாளா நீ?”

“இந்தக் காலேஜ்ல நான் முழுசாப் படிச்ச ஒரே புக் அதுதான்” என்றாள்.

ரொம்ப நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அப்புறம்தான், அவள் சொன்னதை நான் நிஜமாகவே யோசிக்கிறேன் என்று உறைத்தது.

2001 ஏப்ரல் 4, புதன்

பிராக்டிகல் தேர்வு நாள்.

கடைக்குப் போகும் முன் இவர் தலையில் கைவைத்து துஆ ஓதினார். ஃபரீன் கட்டிப்பிடித்து “பெஸ்ட் ஆஃப் லக், உம்மா” என்றாள். இருவர் முகத்தையும் என்னால் பார்க்க முடியவில்லை. வழக்கமான பஸ்ஸில் ஏறி, காலேஜ் ஸ்டாப்பில் இறங்கினேன். கேட்வரை போனேன். உள்ளே எல்லாரும் மரத்தடியில் நின்று, எந்தக் கல்லுக்கு எந்தப் பெயர் என்று உருப்போட்டுக்கொண்டிருந்தார்கள். நிறத்தை வைத்தா, கனத்தை வைத்தா? இல்லை. கல்மேல் ஒட்டிய லேபிள் எந்த மூலையில் கிழிந்திருக்கிறது என்பதை வைத்து.

ஒரு நிமிஷம் மனசு ஆடியது. உள்ளே போனால் முதல் மார்க் எனக்குத்தான். அது எனக்குத் தெரியும். அவர்களுக்கும் தெரியும். ஒரே ஒரு தடவை காட்டிவிட்டு வந்தால் என்ன?

எதைக் காட்ட? யாருக்கு?

திரும்பி நடந்தேன். பின்பக்கத்துக் குன்றில் ஏறி, மேலே ஒரு பாறையில் உட்கார்ந்தேன். பாறை சுட்டது. பயமாகவும் இருந்தது, பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட பிள்ளை மாதிரி சந்தோஷமாகவும் இருந்தது.

2001 ஜூன் 21, வியாழன்

ரிசல்ட். பிரியம்வதா முதல் வகுப்பு. காலேஜிலேயே முதலாவதாம். ஜியாலஜியை ஒருநாளும் விரும்பாத பெண்தான் இந்த வருஷத்து சிறந்த ஜியாலஜி மாணவி. அவளே போன் செய்து சொன்னாள். ஒரு கால் சென்டரில் வேலையும் ஆகிவிட்டது. “ஆவணிக் கல்யாணம் போயிடுத்து ஆன்ட்டி” என்றாள். நன்றாக இரு என்று சொன்னேன். மனசாரத்தான் சொன்னேன்.

நான் பெயில்.

ஃபரீன் மார்க் ஷீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “பிராக்டிகல்லயா? உம்மா, நீங்களா? கிரெனைட்டைத் தடவிப் பார்த்தே சொல்லுவீங்களே! ரீசெக்கிங் போடலாம். மிஸ்டேக்தான்.” அவள் கண்ணில் நீர். என் படிப்புக்காக என் மகள் அழுவாள் என்று நான் நினைக்கவில்லை. மிஸ்டேக் இல்லை, நான்தான் போகவில்லை, பாஸானால் லேபுக்கு நான் வெளியாள் என்று சொல்ல வேண்டியதாயிற்று.

கத்திவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இவர் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

“வேணும்னேவா பெயிலான?”

“ஆமா.”

“லேபுக்குள்ள விடமாட்டாங்கன்னா?”

“ஆமாங்க.”

கைவிரலில் ஒட்டியிருந்த கிரீஸைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, “ஊருக்கு என்னளா சொல்ல? எல்லாருட்டயும் சொல்லி வச்சிட்டனே” என்றார்.

“பெயில்னு சொல்லுங்க.”

“சிரிப்பாங்களே.”

“சிரிக்கட்டும்.”

“உன்னய இல்ல, என்னய” என்றார். ஆனால் சொல்லும்போது அவரே சிரித்துவிட்டார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, முன்கூட்டியே சொல்லிவைத்திருந்த இனிப்பை வேண்டாம் என்று சொல்லக் கிளம்பினார். பாதிப் படி இறங்கியவர் திரும்பி வந்து, “கொஞ்சமா வாங்கிட்டு வாறேன், நமக்கு மட்டும்” என்றார்.

2001 ஜூலை 9, திங்கள்

லேப் கார்டு வாங்கப் போனேன். ஆபீஸ் ஜன்னலில் புது கிளார்க், சின்னப் பையன். என் மார்க் ஷீட்டைப் பார்த்தான், என் வயசைப் பார்த்தான். கார்டில் பெரிதாக ‘ரிபீட்டர்’ என்று முத்திரை குத்தி, ஈரம் காய ஊதி, ஜன்னல் வழியாக நீட்டினான். முகத்தில் பரிதாபம்.

“மனசை விட்டுடாதீங்க, காகூ. இந்தத் தடவையாவது நல்லாப் படிங்க.”

“படிக்கிறேன்” என்றேன்.